முதல் டூர்னமெண்டுக்கு முன்னால்: கோலாலம்பூரில் ஃபைட்டிங் கேம் பழகுகிறவர்களுக்கு

இருவர் நேருக்கு நேர் மோதும் ஃபைட்டிங் கேமில், வீட்டில் தம்பியையும் பக்கத்து வீட்டுப் பையனையும் விடாமல் ஜெயித்துக்கொண்டிருந்தவர், இணையத்தில் தரவரிசைக்கான ராங்க் ஆட்டத்துக்குள் நுழைந்ததும் வரிசையாகத் தோற்பார். உடனே யூடியூபைத் திறந்து நீளமான காம்போ (விடாமல் தொடரும் அடிவரிசை) ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டு வாரம் அதையே அடித்துப் பழகுவார். மறுபடியும் தோற்பார். அந்த காம்போவைத் தொடங்கி வைக்கும் முதல் அடி எதிராளிமேல் படவே இல்லை என்பது அவர் கண்ணில் பட்டிருக்காது. ஒவ்வொரு முறை அடி வாங்கும்போதும் 'இது ஏன் விழுந்தது' என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்தான் இந்த விளையாட்டில் மேலே போகிறார். இந்தக் கட்டுரையில் உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு பழக்கத்துக்காகத்தான். பள்ளி, டியூஷன், புறப்பாடம் எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் பழகினாலே, மூன்று மாதத்தில் கோலாலம்பூரில் நடக்கும் ஒரு டூர்னமெண்டில் தைரியமாகப் போய் உட்காரலாம்.

உதாரணங்களை ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இலிருந்து எடுத்திருக்கிறோம். கேப்காம் நிறுவனம் இதை 2023 ஜூன் 2ஆம் தேதி வெளியிட்டது. 2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8 ஆடுகிறவர்களுக்கும் பெரும்பாலான விஷயங்கள் பொருந்தும். எண்கள் மட்டும் மாறும். இரண்டுக்குமே இலவச டெமோ உண்டு. காசு கொடுக்கும் முன் ஒரு வாரம் டெமோவை ஆடிப் பாருங்கள். நண்பர்கள் எதை ஆடுகிறார்களோ அதையே எடுப்பது நல்லது. பள்ளியில் பேச ஆள் இருந்தால் பாதி பாடம் கேன்டீனிலேயே முடிந்துவிடும்.

ஒரு கேரக்டர், ஒரு கண்ட்ரோல்

ரியூ, கென், லூக் ஆகிய மூவரில் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து எறிய ஒரு பந்து, குதித்து வருபவரை வீழ்த்த ஓர் எழும்பும் குத்து, கிட்டே அடிக்க நல்ல கை கால் என்று எல்லாக் கருவியும் இவர்களிடம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு தால்சிம்மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் வந்த இந்திய யோகி அவர். பிரியம் இல்லாமல் எப்படி இருக்கும்? ஆனால் நீளும் கைகால்களை எந்தத் தூரத்தில் எப்போது நீட்டுவது என்று தெரிய மாதக்கணக்கில் ஆகும். அவரை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ட்ரோலில் இரண்டு முறை உண்டு. மாடர்ன் முறையில் ஒரே பட்டனில் ஸ்பெஷல் (பந்து, எழும்பும் குத்து போன்ற சிறப்பு அடி) வரும், ஆனால் அப்படி அடித்தால் வலு கொஞ்சம் குறையும். கிளாசிக் முறையில் ஆறு அடிபட்டன்கள், அசைவை நீங்களே கையால் போட வேண்டும். எது என்றாலும் சரி, நடுவில் மாற்றாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேரக்டரையும் கண்ட்ரோலையும் மாற்றுபவர் ஆறு மாதம் கழித்தும் முதல் வாரத்திலேயே நிற்பார்.

கையில் இருப்பது, திரையில் தெரிவது

கன்சோலோடு வந்த கண்ட்ரோலரே தொடக்கத்துக்குப் போதும். அசைவுகளைக் கட்டைவிரலால் டி-பேடில் (சிலுவை வடிவத் திசைப் பட்டனில்) போடுங்கள். அனலாக் குச்சியில் மூலைத் திசைகள் நழுவும். ஆர்கேட் ஸ்டிக் (லீவரும் பெரிய பட்டன்களும் உள்ள பலகை) வாங்க ஆசை வந்தால் லோ யாட் பிளாசாவில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி, எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது பிஎஸ்5 கேமில் நேராக வேலை செய்யுமா, கணினிக்கு மட்டுமா? பல ஸ்டிக்குகள் கணினியில் அருமையாக ஓடும், பிஎஸ்5இல் செருகினால் அசையாது. டூர்னமெண்ட்களில் பெரும்பாலும் எந்த மெஷின் வைக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு வாங்குங்கள். லீவர் இல்லாத, எல்லாமே பட்டனாக இருக்கும் பலகை வாங்கினால், இடதும் வலதும் ஒன்றாக அழுத்தும்போது என்ன நடக்கிறது என்று சோதியுங்கள். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால் போட்டியில் அனுமதி கிடைக்காமல் போகலாம்.

டிவியில் ஆடுபவர் கேம் மோடை ஆன் செய்யுங்கள். அது இல்லாவிட்டால் படத்தை அழகுபடுத்துவதற்காக டிவி 50 முதல் 100 மில்லிவினாடி வரை எடுத்துக்கொள்ளும். அத்தனை தாமதத்தில் எந்தப் பயிற்சியும் பலிக்காது. இணையத்துக்கு லேன் கேபிள் போடுங்கள். அடுக்குமாடி வீடுகளில் மேலும் கீழும் பக்கத்திலும் வைஃபை நிறைந்திருக்கும். வேகம் இருந்தாலும் சிக்னல் விட்டுவிட்டு வரும், எதிராளி திரையில் இங்கிருந்து அங்கே தாவுவார். மோடம் ஹாலில், விளையாடுவது அறையில் என்றால் சுவரோரமாக 15 மீட்டர் கேபிள் இழுப்பது அம்மாவிடம் ஒரு திட்டு வாங்கினாலும் தகும்.

இப்போது யார் முறை?

இங்கேதான் புதியவர்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டும், இங்கேதான் யாரும் கொடுப்பதில்லை.

கேம் வினாடிக்கு 60 படமாக ஓடுகிறது. ஒரு படம் ஒரு பிரேம், ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி. எல்லா அடிக்கும் மூன்று பகுதி: கை நீளும் நேரம் ஸ்டார்ட்டப், அடி படும் நேரம் ஆக்டிவ், கையை இழுத்துக்கொள்ளும் நேரம் ரிக்கவரி. நீங்கள் அடித்ததை எதிராளி பிளாக் செய்தால் (தடுத்துக்கொண்டால்), இருவரில் யார் முதலில் அசைய முடியும் என்பதை ஓர் எண் சொல்லும். மைனஸ் 4 என்றால் அவர் உங்களைவிட 4 பிரேம் முன்னதாக விடுபடுகிறார். பிளஸ் 2 என்றால் நீங்கள் 2 பிரேம் முன்னால்.

இதைத் தாயம் ஆடுவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். முறை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது. உங்கள் முறை இல்லாதபோது கட்டையை உருட்டினால் அபராதம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் மிக வேகமான சாதாரண அடிகளுக்கு ஸ்டார்ட்டப் 4 பிரேம். நீங்கள் மைனஸ் 4இல் இருந்து, தூரமும் எட்டினால், அவருடைய 4 பிரேம் அடி கட்டாயம் படும். உங்களால் பிளாக்கூட செய்ய முடியாது. மைனஸ் 3 என்றால் தப்பினீர்கள். ஆனாலும் முறை அவருடையது. அப்போது நீங்கள் உங்கள் 4 பிரேம் அடியை அழுத்தினால் அது அவர் கணக்கில் 7ஆம் பிரேமில்தான் வந்து சேரும். அவர் 4இலேயே அடித்து முடித்திருப்பார். 'நான் முதலில் அழுத்தினேன், அவன் அடி எப்படி விழுந்தது' என்று கேட்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இதுதான் பதில்.

எல்லா எண்ணையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பயிற்சி அறையில் பிரேம் மீட்டர் என்று ஒரு பட்டை இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். நீங்கள் வழக்கமாக அழுத்தும் ஐந்தாறு அடிகளை மட்டும், எதிரே நிற்கும் பயிற்சிப் பொம்மையை பிளாக் செய்யவைத்து அடித்துப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இது அடித்தால் என் முறை, இது அடித்தால் அவர் முறை, இது அடித்தால் செத்தேன். மூன்றாவது வகையில் ஷோர்யூக்கன் (மேலே சொன்ன எழும்பும் குத்து) நிச்சயம் இருக்கும். பிளாக் ஆனால் வானத்திலிருந்து இறங்கி வரும்வரை எதிராளி தே தாரிக் ஆற்றிக்கொண்டு காத்திருக்கலாம்.

அடி, பிளாக், த்ரோ (பிடித்துத் தூக்கி எறிவது) மூன்றும் ஒன்றை ஒன்று மடக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் 'ஒன் டூ சோம்' தெரியுமல்லவா? பறவை தண்ணீரைக் குடிக்கும், கல் பறவையை அடிக்கும், தண்ணீரில் கல் மூழ்கும். அதேபோல பிளாக் அடியைத் தடுக்கும், த்ரோ பிளாக் செய்பவரைத் தூக்கும், அடி த்ரோ போட வருபவரைத் தட்டும். த்ரோவுக்கு 5 பிரேம். ஒரு வேற்றுமை என்னவென்றால், இங்கே இருவரும் ஒரே கணத்தில் கையை நீட்டுவதில்லை. பிரேமில் முன்னால் இருப்பவர் கொஞ்சம் முன்னதாக நீட்டுகிறார். அதனால்தான் மேலே சொன்ன முறைக் கணக்கு.

டிரைவ் கேஜ் என்ற சக்திப் பட்டை பற்றி இரண்டே விஷயம் போதும் இப்போதைக்கு. ஆறு கட்டை இருக்கிறது. ஓவர்டிரைவ் (வலுவூட்டிய) ஸ்பெஷலுக்கு 2, டிரைவ் இம்பாக்டுக்கு (எதிராளியின் அடியைத் தாங்கிக்கொண்டு விழும் பெரிய அடி) 1, அடியிலிருந்து டிரைவ் ரஷ் (முன்னோக்கிய வேகப் பாய்ச்சல்) பாய 3. எல்லாம் தீர்ந்தால் பர்ன்அவுட். அந்த நிலையில் நீங்கள் பிளாக் செய்யும் ஒவ்வோர் அடிக்கும் 4 பிரேம் கூடுதலாக மாட்டிக்கொள்வீர்கள். எதிராளியின் மைனஸ் 3 அடி பிளஸ் 1 ஆகிவிடும், முறை அவரை விட்டு நகராது. மூலையில் பர்ன்அவுட்டாகி நின்று டிரைவ் இம்பாக்டை பிளாக் செய்தால் தலைசுற்றி நிற்பீர்கள். புதியவர்கள் முதல் பத்து வினாடியிலேயே ஆறையும் செலவழிப்பதால் ரவுண்டின் மீதி முழுவதும் வதைபடுகிறார்கள். 2 கட்டைக்குக் கீழே இறங்கினால் பின்வாங்கி நடந்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

எண்ணில் எழுதும் முறை

இணையத்தில் அசைவுகளை 236, 623 என்று எழுதுவார்கள். கணினி விசைப்பலகையின் வலப்பக்க எண்பலகையைப் பாருங்கள்: 5 நடு, 6 முன்னால், 4 பின்னால், 2 கீழ், 8 மேல், மற்றவை மூலைத் திசைகள். வலப்பக்கம் பார்த்து நிற்பதாக வைத்து எழுதுவது வழக்கம். 236 பந்து, 623 ஷோர்யூக்கன். கைப்பேசியின் எண்பலகையைப் பார்த்துவிடாதீர்கள். அதில் 1, 2, 3 மேலே இருக்கும். 236 போட்டால் குதித்துவிடுவீர்கள்.

எல்லாருக்கும் வரும் ஒரு கோளாறு: முன்னால் நடந்துகொண்டே பந்து எறிய நினைத்தால் ஷோர்யூக்கன் வந்துவிடும். நடக்கும்போது ஏற்கெனவே 6 அழுத்தியிருக்கிறீர்கள், பிறகு 236. சேர்த்தால் 6236. அதற்குள் 623 ஒளிந்திருக்கிறது. கேம் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். நடையை நிறுத்தி, கட்டைவிரலை ஒரு கணம் முழுவதும் எடுத்துவிட்டு, பிறகு 236 போடுங்கள். அந்த ஒரு கணம் சோம்பேறித்தனமாகத் தெரியும், இரண்டு நாளில் பழகிவிடும்.

முதல் மூன்று வாரம்: தினம் 20 நிமிடம்

முதல் வாரம் ஒரே ஒரு பயிற்சி. எதிராளி குதித்தால் வீழ்த்துவது. பயிற்சி அறையில் பொம்மையின் அசைவைப் பதிவுசெய்யும் வசதி இருக்கிறது. முதல் இடத்தில் முன்னால் குதித்து அடிப்பதையும், இரண்டாவதில் சும்மா முன்னால் நடந்து வருவதையும், மூன்றாவதில் நின்ற இடத்தில் ஒரு அடி வீசுவதையும் பதிவுசெய்து, எது வரும் என்று தெரியாதபடி கலைத்து ஓடவிடுங்கள். குதித்தால் மட்டும் கீழ் அழுத்திய பலமான குத்து. மற்றதற்கு ஒன்றும் செய்யக்கூடாது. குதிப்பது தரையிலிருந்து தரைவரை சுமார் 45 பிரேம், அதாவது முக்கால் வினாடி. கண்ணால் கண்டு கையால் அழுத்த மனிதருக்கு 200 முதல் 250 மில்லிவினாடி ஆகும், அதாவது 12 முதல் 15 பிரேம். நேரம் தாராளமாக இருக்கிறது. பிறகு ஏன் தவறுகிறது? உங்கள் கை ஏற்கெனவே வேறு ஏதோ ஒன்றை அழுத்திக்கொண்டிருப்பதால். வீசிய கை திரும்பும்வரை உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் பயிற்சியின் உண்மையான பாடம் சும்மா நிற்கக் கற்பதுதான்.

பத்துக்கு எட்டு சரியாக வந்ததும் பக்கம் மாற்றுங்கள். வலப்பக்கம் நின்று ஆடிப் பழகாதவர்கள் டூர்னமெண்டில் இரண்டாம் பக்கம் கிடைத்தவுடன் உடைந்துபோவார்கள்.

இரண்டாம் வாரம் அதே கலவையில் டிரைவ் இம்பாக்டைச் சேருங்கள். அதற்கு 26 பிரேம், ஏறத்தாழ 433 மில்லிவினாடி. பார்த்ததும் நீங்களும் டிரைவ் இம்பாக்ட் போட வேண்டும். இரண்டாவதாகப் போட்டவருடையதுதான் ஜெயிக்கும். மூன்றாம் வாரத்தில்தான் காம்போ. காம்போ டிரையல் பகுதியில் உங்கள் கேரக்டருக்குத் தொடக்க நிலையில் உள்ளதில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பக்கமும் தொடர்ந்து ஐந்து முறை தவறாமல் வந்தால் போதும். அதற்கு மேல் இப்போது வேண்டாம். வலு குறைந்த காம்போவைப் பத்து முறையும் போடுபவர், பெரிய காம்போவை மூன்று முறை போட்டு ஏழு முறை நடுவில் விட்டு அடிவாங்குபவரை எப்போதும் ஜெயிப்பார்.

விரல் கொப்பளித்தால் ஒரு நாள் விடுங்கள். மணிக்கட்டு வலித்தால் வலி போகும்வரை கண்ட்ரோலரைத் தொடாதீர்கள்.

தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள்

ராங்க் ஆட்டம் தொடங்கியதும் தினமும் மூன்று ஆட்டம் போதும். தோற்றதில் ஒன்றை ரீப்ளேயில் திறந்து, பள்ளி நோட்டில் நடுவில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் எந்த அடி விழுந்தது. வலப்பக்கம் அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன். அவ்வளவுதான். ஐந்து ஆட்டம் எழுதியதும் வலப்பக்கத்தை மேலிருந்து கீழாக வாசியுங்கள். ஒரே வரி ஏழெட்டுத் தடவை வந்திருக்கும். அதுதான் உங்கள் அடுத்த வாரப் பயிற்சி.

அடிக்கடி வரும் வரிகளும் அவற்றின் மருந்தும் இவை. 'கீழே விழுந்து எழும்போது அழுத்தினேன்.' நீங்கள் எழும் கணத்தில் படும்படி எதிராளி தன் அடியை முன்கூட்டியே வீசி வைத்திருக்கிறார். நீங்கள் எழுவதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது, உங்கள் 4 பிரேம் அடிக்கு இடமே இல்லை. எழும்போது முதல் மூன்று முறை வெறுமனே பிளாக் செய்யுங்கள். அவர் அடிக்கிறவரா, தூக்குகிறவரா என்று அதற்குள் தெரிந்துவிடும். 'பந்து எறிந்தேன், அவர் தாண்டிக் குதித்தார்.' பந்தைப் பற்றியே யோசிக்க வேண்டாம், தூரத்தைப் பாருங்கள். அவர் ஒரே குதியில் உங்கள் தலைக்கு வந்துசேரும் தூரத்தில் எறிந்திருக்கிறீர்கள். இன்னும் இரண்டடி பின்னால் போய் எறிந்தால் அதே குதி உங்கள் முன்னால் இறங்கும், அப்போது அடி உங்களுடையது. 'கிட்டே வந்தார், பிளாக் செய்துகொண்டே இருந்தேன், தூக்கினார்.' இதற்குக் கோபப்படாதீர்கள். பிளாக் செய்பவரைத் தூக்குவதுதான் சரியான ஆட்டம். த்ரோ பட்டனை நீங்களும் சரியான கணத்தில் அழுத்தினால் விடுபடலாம். 'இதே இடத்தில் இதே அடியைத்தான் எப்போதும் போடுகிறேன்.' இதை எழுதும் அளவுக்கு உங்களைக் கவனித்துவிட்டால் ஏற்கெனவே பாதி முன்னேறிவிட்டீர்கள்.

டெக்கன் 8 ஆடுகிறவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி. ரீப்ளேயை நடுவில் நிறுத்தி, அந்தக் கணத்திலிருந்து நீங்களே கண்ட்ரோலை எடுத்து வேறு விதமாக ஆடிப் பார்க்கலாம்.

பள்ளியில் பேசும்போதும் இதே பழக்கம் உதவும். 'டேய், அவன்கிட்ட எப்படிடா ஜெயிக்கிறது?' என்று கேட்டால் எந்த நண்பனாலும் பதில் சொல்ல முடியாது. 'நான் கிட்ட போனாலே ஷோர்யூ போடறான்டா, என்ன பண்றது?' என்று கேளுங்கள். 'சும்மா கிட்ட போய் நின்னு பிளாக் பண்ணுலா, அவன் மேலே போய் வரட்டும், அப்புறம் உன் பெரிய அடி' என்று உடனே பதில் வரும்.

பள்ளி, எஸ்.பி.எம்., தூக்கம்

வார நாளில் வீட்டுப்பாடம் முடிந்தபின் 20 நிமிடப் பயிற்சி, மூன்று ஆட்டம். மொத்தம் முக்கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்கார்வதைவிட இது கைக்கு நன்றாகப் பதியும். இடையில் வரும் தூக்கத்தில்தான் விரல்கள் கற்றதைப் பிடித்துக்கொள்கின்றன. காலை ஏழரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டியவர் இரவு ஒரு மணிவரை ராங்க் ஆடினால் அன்று கற்றதும் போகும், மறுநாள் கணிதமும் போகும். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே காரணத்துக்காக அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்கு முடிந்தது. மூன்றாவதாக ஆடுவது வெறும் கோபம்.

ஐந்தாம் படிவத்தில் இருப்பவர்கள் எஸ்.பி.எம். (பள்ளி இறுதிப் பொதுத் தேர்வு) முன்னோட்டத் தேர்வு வந்ததும் ராங்கை மூடிவிடுங்கள். நாலைந்து மாதம் நின்றால் கை மறந்துவிடும், வயது போய்விடும் என்று பயப்படும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5இல் தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. இதே செய்தியை அப்பா அம்மாவிடமும் சொல்லலாம். கூடவே தேர்வு அட்டவணையையும் காட்டுங்கள். அனுமதி கேட்கும்போது அதுதான் அதிகம் வேலை செய்யும்.

டூர்னமெண்ட் நாள்

பதிவு பெரும்பாலும் ஸ்டார்ட் ஜிஜி தளத்தில் நடக்கும். அறிவிப்புகள் டிஸ்கார்ட் குழுக்களில் வரும். இரண்டு கட்டணம் இருக்கலாம்: இடத்துக்கு ஒன்று, ஆட்டத்துக்கு ஒன்று. பெயருக்குப் புனைபெயர் போதும். பள்ளிப் பெயரையும் முழுப் பெயரையும் பொது இடத்தில் போடாதீர்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். தைப்பூசம், தீபாவளி வார இறுதிகளோடு மோதுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கடைசி நேரத்தில் எழும் சண்டைக்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஆட்ட முறை பெரும்பாலும் டபுள் எலிமினேஷன். ஒரு முறை தோற்றால் லூசர்ஸ் பக்கம் போவீர்கள், இரண்டாம் முறை தோற்றால் வெளியே. கணக்கைப் பாருங்கள். 32 பேர் என்றால் முதல் சுற்றில் 16 பேர் தோற்கிறார்கள். அந்த 16 பேர் தங்களுக்குள் மோத, 8 பேர் ஒரு வெற்றிகூட இல்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த சுற்றில் இன்னும் 8 பேர் ஒரே வெற்றியோடு போகிறார்கள். யார் எவ்வளவு நன்றாக ஆடினாலும் கால்வாசிப் பேர் இரண்டும் தோற்றே ஆக வேண்டும். பிராக்கெட் (யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை) அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பதால் முதல் சுற்றிலேயே அங்குள்ள சிறந்த ஆட்டக்காரரிடம் மாட்டவும் கூடும். முதல் டூர்னமெண்டுக்கு ஒரு குறி வைக்க வேண்டுமென்றால் 'ஒரு செட் ஜெயிப்பேன்' என்று வையுங்கள்.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. 32 பேருக்கு மொத்தம் 62 செட், கிராண்ட் ஃபைனல் மீண்டும் ஆடப்பட்டால் 63. மூன்றில் இரண்டு ஜெயிக்கும் செட் ஒன்றுக்கு, உட்கார்ந்து எழுவதையும் சேர்த்து 10 நிமிடம். நான்கு மெஷின் என்றால் குறைந்தது இரண்டரை மணி நேரம். நடைமுறையில் நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடப் போனவரைத் தேடுவதிலேயே பாதி போகும்.

பையில் போட வேண்டியவை: உங்கள் கண்ட்ரோலர், 3 மீட்டர் யூஎஸ்பி கேபிள், வயர் உள்ள ஹெட்போன், பவர் பேங்க், தண்ணீர், ஒரு ஜாக்கெட். மால்களில் ஏர்கான் குளிரில் விரல் விறைத்துவிடும். ஆட்டத்துக்கு முன் மாமாக் உணவகத்தில் ரொட்டி சானாய் சாப்பிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வாருங்கள்.

வயர்லெஸ் கண்ட்ரோலர் கொண்டுபோகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். நீங்கள் ஆடி முடித்து எழுந்து போனபின்னும் உங்கள் பிஎஸ்5 கண்ட்ரோலர் அந்த மெஷினோடு புளூடூத்தில் இணைந்தே இருக்கும். பைக்குள் ஏதோ ஒரு பட்டன் அமுங்கினால் அடுத்தவர்களின் ஆட்டம் நடுவில் நின்றுபோகும். ஆட்டத்தை நிறுத்தியவருக்கு அந்த ரவுண்ட் போகும் என்பது பரவலான விதி. ஆகவே எழும் முன் இணைப்பை நீக்குங்கள். கண்ட்ரோலரின் பின்பக்கம் சோனி எழுத்துக்கு அருகில் ஒரு சிறு துளை இருக்கும்; ஊசி அல்லது பேப்பர் கிளிப்பால் ஐந்து வினாடி அழுத்தினால் இணைப்பு அறுந்துவிடும். ஒரு கிளிப்பைப் பையிலேயே வைத்திருங்கள்.

அறிவித்த நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்ச் சேருங்கள். கோலாலம்பூர் மழையும் வாகன நெரிசலும் சேர்ந்தால் கார் நகராது. புக்கிட் பிந்தாங் பக்கம் என்றால் எம்.ஆர்.டி அல்லது மோனோரெயில்தான் நல்லது. வந்துவிட்டதை மேசையில் பதிவுசெய்யுங்கள். பெயர் கூப்பிட்ட ஐந்து பத்து நிமிடத்துக்குள் வராதவரை நீக்கிவிடுவார்கள். உட்கார்ந்ததும் பட்டன்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். 'சரிதான், ஆரம்பிக்கலாம்' என்று சொல்லிவிட்டு நடுவில் நிறுத்தினால் தவறு உங்களுடையது. எந்தப் பக்கம் என்று இருவருக்கும் ஒத்துவராவிட்டால் ஒன் டூ சோம் போட்டு முடிவுசெய்யலாம். பொதுவாக ஜெயித்தவர் கேரக்டரை மாற்ற முடியாது, தோற்றவர் மாற்றலாம். மாற்றாதீர்கள்.

முதல் செட்டில் இதயம் படபடக்கும், கை நடுங்கும், பழகிய காம்போ வராது. எல்லாருக்கும் வரும். அப்போது வேகமாக அழுத்துவதைவிட, முதல் பத்து வினாடி நடந்து, பிளாக் செய்து, எதிராளி என்ன செய்கிறார் என்று பாருங்கள். முதல் வாரத்தில் பழகியது அங்கே கைகொடுக்கும்: குதித்தால் வீழ்த்துங்கள். அரங்கில் குதிக்காத ஆளே கிடையாது.

தோற்றால் கை கொடுத்துவிட்டு, முடிவை மேசையில் சொல்லுங்கள். உங்களை ஜெயித்தவரிடம் பேச ஆசை இருந்தால் அவருடைய அடுத்த செட் முடியும்வரை பொறுங்கள். ஹெட்போன் மாட்டியிருப்பவரைத் தோளில் தட்டாதீர்கள். 'அண்ணே, நான் எழும்போது எதைப் பார்த்து த்ரோ போட்டீங்க?' என்று ஒரே கேள்வி. பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள், காலி மெஷின் இருந்தால் உட்காரவைத்தே காட்டுவார்கள். ஓரமாகப் போட்டிக்கு வெளியே ஆடும் மெஷினில் வரிசையில் நின்று, முறை வந்ததும் ஆடி, தோற்றால் எழுந்து இடம் கொடுங்கள். யாரும் காத்திருக்கவில்லை என்றால் 'சத்து லாகி?' (இன்னும் ஒன்று?) என்று கேட்டாலே அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும். யாராவது காசு வைத்து ஆடலாம் என்று கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், குறிப்பாகப் பள்ளி மாணவர்கள்.

டாப் 8 (கடைசி எட்டுப் பேர்) ஆட்டங்களை உட்கார்ந்து பாருங்கள். திரையில் பெரிய காம்போ வரும்போது கூட்டம் கத்தும். நீங்கள் அதற்கு முந்தைய இரண்டு வினாடியைப் பாருங்கள், முதல் அடி எப்படிப் பட்டது என்று. நோட்டு கையில் இருந்தால் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், ஃபைனல் அதற்குள் முடியும் என்று நம்ப வேண்டாம். வீட்டிலிருந்து யார் வந்து கூட்டிப்போவது என்று காலையிலேயே பேசி வையுங்கள். கிளம்பும் முன் பையைத் திறந்து கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். மெஷினில் மறந்துவிட்டுப் போகும் பொருளில் முதலிடம் அதற்குத்தான்.